இருபத்து நாலரை இஞ்ச்

தகடுதான் அக்கா, வேறொன்றுமில்லை. இந்தத் தையல் டேப்பின் நுனியில் இருக்கிற தகடு கழன்று ஆடுகிறது. கொஞ்சம் அழுத்திக் கொடுத்தால் போதும். அஞ்சு மணிக்கு ஒரு விசாரணை இருக்கிறது. எதிரே தெரிகிறதே யுனிவர்சிட்டி கேட், அதற்குள்ளேதான். ஆடுகிற தகட்டோடு டேப்பைக் கொண்டுபோய் சாட்சியாக நீட்டினால், "டேப்பே சரியில்லையே" என்று எவனாவது ஆரம்பித்துவிடுவான். எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாது. வாதம் பண்ணுவதற்கென்றே பிறந்தவர்கள்.

அந்த ஜாக்கெட்டை முடித்துவிட்டே பாருங்க. மணி நாலுதானே. இந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

என்மேல் விசாரணையா? நன்றாயிருக்கிறதே! புகார் கொடுத்தவளே நான்தான் அக்கா. இதோ, நாலு பக்கம். ஏ ஃபோர் தாளில் நெருக்கி அடித்தது. முதலில் ஐந்து பக்கம் வந்தது. ஜன்னத் படித்துவிட்டு, "ஏட்டி, அவன் குதிரையத் தள்ளுனான்னு எழுத அஞ்சு பக்கமா?" என்று கேட்டாள். அதனால் ஒரு பக்கத்தைக் குறைத்தேன். ஜன்னத் என் ரூம்மேட். வரலாறு படிக்கிறாள். நான் சமூகவியல், எம்.ஏ. இரண்டாம் வருஷம். என் பெயர் ஜெஸ்லின், திசையன்விளை.

குதிரை என்றால் நிஜக் குதிரை இல்லை. இரண்டு விரற்கடை உயரம். மேசைப் போர் என்று ஒரு விளையாட்டு. சிரிக்காதீங்க. மெஸ்ஸுக்குப் பின்னால் ஹாலில் பழைய டேபிள் டென்னிஸ் மேசை கிடக்கிறது. அதன்மேல் தெர்மாகோல் குன்று, நீலத் துணியில் ஆறு, அட்டையில் வீடு. பொம்மைச் சிப்பாய்களை மெக்கானிக்கல் லேபில் இருக்கிற பிரிண்டரில் எடுக்கிறோம். பெயின்ட் நாமே அடிக்க வேண்டும். என் ஆட்களின் கேடயமெல்லாம் நெயில் பாலிஷ். ஒருவர் மாற்றி ஒருவர், ஆறு சுற்று. உன் ஆள் எத்தனை இஞ்ச் நடக்கலாம், அவன் அம்பு எத்தனை இஞ்ச் பாயும், எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. மேசையில் மூன்று கொடி. ஆறாவது சுற்று முடியும்போது எவன் அதிகக் கொடி பக்கத்தில் நிற்கிறானோ அவன் ஜெயித்தான். அவ்வளவுதான். செஸ்ஸை விட நியாயமான ஆட்டம். அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், இல்லையா?

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மாசானமுத்து வருகிற வரைக்கும்.

புள்ளியியல், முதல் வருஷம். பேசமாட்டான். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவுமில்லை. ஜூலையில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தான். உள்ளே பஞ்சில் பொதிந்து பதினெட்டுக் குதிரை. ஒவ்வொரு குதிரை மேலும் ஒரு வில்லாளி. கடிவாளத்துக்குக்கூட நூல் கட்டியிருந்தான். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது என்ன படை அக்கா? என் கேடயக்காரன் ஒரு சுற்றில் ஆறு இஞ்ச் நடப்பான். அவன் குதிரை பன்னிரண்டு இஞ்ச் ஓடும். அம்பு இருபத்து நாலு இஞ்ச் பாயும். முதலில் எய்வான், எய்துவிட்டுப் பின்னால் ஓடிவிடுவான். நான் ஆறு இஞ்ச் போனால் அவன் பன்னிரண்டு இஞ்ச் தள்ளி நிற்பான். மறுபடி எய்வான். மறுபடி ஓடுவான்.

முதல் ஆட்டம் மூன்று மணி நேரம். என் நாற்பது பேரும் மேசை முழுக்கத் துரத்திச் செத்தார்கள். ஒருத்தன்கூட ஒரு குதிரையைத் தொடவில்லை.

"இது சண்டையா? நின்னு அடிக்கணும்பா. அடிச்சுட்டு ஓடுறதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்றேன்.

"ரூல்ல இருக்கே அக்கா" என்றான்.

பாருங்க, இதுதான் அவன் பதில். விதியில் இருந்தால் நியாயமாகிவிடுமா? அன்றைக்கே எங்கள் விளையாட்டு மன்றத்து வாட்ஸாப் குழுவில் எழுதினேன். எய்துவிட்டு ஓடுகிற படைகள் ஏன் கோழைத்தனமானவை, ஏன் தடைசெய்ய வேண்டும் என்று பதினேழு பாயிண்ட். வரிசையாகப் போட்டேன், போட்ட கையோடு குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அவர்கள் எழுதுகிற பதிலையெல்லாம் உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் ஏது?

ஜன்னத் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, நீயே குதிரை மேலதான் இருக்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. என் படையில் குதிரையே கிடையாது. அவளுக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது, பாவம்.

மறுநாளே என்னைக் குழுவில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். நான் இல்லாமல் அங்கே ஒரு பேச்சும் நடக்காது.

இரண்டாவது ஆட்டத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எப்படி அவன் அம்பு எப்போதும் சரியாக எட்டுகிறது? எய்த பத்தில் ஒன்பது எட்டுகிறது. அவன் மர ஆசாரிமார் வைத்திருக்கிற இரும்பு டேப்பால் அளப்பான். அந்தச் சுருள் டேப். அதன் நுனிக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். ஆடுகிறது! ஒரு நூல் அளவுக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது.

"இது ஆடுதே" என்றேன்.

"அது ஆடணும் அக்கா. அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. உள்ளளவு, வெளியளவு ரெண்டுக்கும்..."

"ஆடுற அளவு ஒரு அளவாப்பா?"

நாற்பது நிமிஷம் பேசினேன். அவன் இரண்டு தடவை வாயைத் திறந்தான், அப்புறம் திறக்கவில்லை. ஞானதுரை சார் எங்கள் மன்றத்துப் பொறுப்பாளர், கணக்குத் துறை. "சரிம்மா, உன் டேப்பையே வச்சுக்கோ, ஆள விடு" என்று எழுந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் ஒரே டேப்தான். என் டேப். உங்கள் கையில் இருக்கிறதே, இதுதான். அளப்பதும் நான்தான். ஒரு கை, ஒரு டேப் என்றால் சண்டையே வராது பாருங்க.

அம்மாவுடைய டேப் இது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தையல் மெஷின் டிராயரிலிருந்து எடுத்துவந்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. அம்மா புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். அம்மாதான் எனக்குச் சுடிதார் எல்லாம் தைப்பாள். முன்பெல்லாம் ஹாஸ்டலில் ஜன்னத் தன் டேப்பால் அளவெடுப்பாள், நான் போனில் சொல்வேன். தைத்து வரும், தொளதொளவென்றிருக்கும். போட்டுக்கொண்டு வீடியோவில் காட்டினால் அம்மா அழுவாள். "சாப்பிடவே மாட்டேங்குற, ஒவ்வொரு வாட்டியும் மெலிஞ்சு போற" என்பாள். நல்லவேளை, இந்த ஜூனுக்கப்புறம் தைத்ததெல்லாம் கச்சிதம். "இப்பத்தான் ஒடம்பு தேறிருக்கு" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மெஸ்ஸில் அதே சாம்பார்தான், எப்படித் தேறினேனோ தெரியவில்லை.

எங்கே விட்டேன்? மூன்றாவது ஆட்டம். லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவர் டிசம்பரில் பெங்களூர்ப் போட்டிக்குப் போகலாம். எங்கள் மன்றத்துக்கு ஒரே ஒரு இடம். எனக்குப் பெங்களூர் பெரிதில்லை அக்கா, நியாயம்தான் பெரிது. ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

அந்த ஆட்டத்துக்கு நான் ஒரு வியூகம் வகுத்தேன். இத்தனை நாள் நான் பண்ணின தப்பு துரத்தியதுதான். ஓடுகிறவனைத் துரத்தினால் அவன் இழுத்த இழுப்புக்குத்தான் போவோம். கொடி மூன்றும் மேசையில்தானே இருக்கின்றன? ஓடிக்கொண்டே இருக்கிறவன் கொடியைப் பிடிக்க முடியாது. கடைசியில் அவன் வந்துதான் ஆக வேண்டும். அதனால் குன்றுக்குப் பின்னால் ஒளிந்து நில், இரண்டு கொடியைப் பிடித்துக்கொள், அவனை வரவை. இது... முதலில் சொன்னது ஜன்னத். பக்கத்தில் உட்கார்ந்து காராசேவு தின்றுகொண்டே, "நீ ஏன்டி அவன் பின்னாடியே ஓடுத? கொடிகிட்ட நில்லேன், அவனா வரட்டும்" என்றாள். ஆனால் அவள் சொன்னது சும்மா ஒரு வாக்கியம். வியூகமாக ஆக்கியது நான்தானே?

இன்னொன்றும் சொன்னாள். "அவன் பக்கம் போய்க் குனிஞ்சு பாரு, ஒன் ஆளு அங்கருந்து தெரியுதான்னு." அது எனக்குத் தேவைப்படவில்லை. என் பக்கத்திலிருந்தே எனக்கு நன்றாகத் தெரிகிறது.

என் துருப்புச்சீட்டு மூன்று யானை. யானை பெரிது, குன்றுக்குப் பின்னால் மறையாது. அதனால் தூரத்தில் வைத்தேன். மேசைக்குக் குறுக்கே ஆறு. குதிரை ஆற்றில் இறங்கினால் ஒரு சுற்று முழுக்கத் தண்ணீருக்குள் நிற்க வேண்டும், அப்போது எய்ய முடியாது. ஆகவே அவன் கரையில் நின்றுதான் எய்வான். கரையிலிருந்து இருபத்து நாலு இஞ்ச்தான் அம்பு. நான் யானைகளை இருபத்து நாலரையில் நிறுத்தினேன்! அரை இஞ்ச்! அவன் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், எய்ய முடியாது. வேறு வழியில்லாமல் ஆற்றில் இறங்குவான். இறங்கினதும் யானை பாயும். எப்படி?

ஆரம்பத்தில் படையை நிறுத்துவதற்கு டேப் வேண்டாம். மேசை விளிம்பில் ஞானதுரை சார் ஸ்டீல் ஸ்கேல் வைத்து மார்க்கரில் இஞ்ச் இஞ்ச்சாகக் கோடு போட்டிருக்கிறார். அவன் பக்கத்துக் கரை நாற்பதாவது கோட்டில். என் யானை அறுபத்து நாலரையில். கழித்துப் பாருங்க.

இரண்டு சுற்று போனது. அவன் குதிரைகள் கரைக்கு வந்து வரிசையாக நின்றன. அந்த நேரம் பார்த்து டேபிள் டென்னிஸ் பயல்கள் மேசையைக் கேட்டு வந்துவிட்டார்கள். நான் வாசலுக்குப் போய் இரண்டே நிமிஷம் பேசிவிட்டு வந்தேன். இருபது நிமிஷம் என்கிறாள் ஜன்னத். அது முக்கியமில்லை. திரும்பி வந்தால், "யானைய எய்யறேன் அக்கா" என்கிறான்.

"எட்டாது தம்பி" என்று சிரித்தேன்.

"அளந்து பாப்பமா?"

நானே அளந்தேன். இந்தக் கையால், இந்த டேப்பால். இருபத்து மூன்றே முக்கால்.

மூன்று யானையும் போயிற்று. யானை போனதும் நடுக்கொடி போயிற்று. எல்லாம் போயிற்று.

இருபத்து நாலரை எப்படி அக்கா இருபத்து மூன்றே முக்கால் ஆகும்? ஒன்று யானை நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குதிரை நகர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி உண்டா? நீங்களே சொல்லுங்க. யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், இரண்டாம் பக்கம், நான்காவது பத்தி. நான் வாசலில் நின்ற நேரத்தில் விரலால் தள்ளியிருக்கிறான். வேறென்ன?

அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் தொடவே இல்ல அக்கா" என்றான். அப்புறம் மெதுவாக, "டேப்பு ரொம்பப் பழசு போல இருக்கு... என் டேப்புல ஒரு வாட்டி பாப்பமா?" என்றான். எனக்கு வந்ததே கோபம். "எங்க அம்மா டேப்பு பொய் சொல்லுதா? அப்போ எங்க அம்மாவும் பொய் சொல்லுதாளா?" என்று கேட்டேன். அதற்குமேல் அவன் பேசவில்லை. பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? ஒத்துக்கொண்டான் என்றுதானே? குதிரைகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தான். பதினெட்டையும். எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மூடியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து ஹால் பக்கம் வரவில்லை.

இன்றைக்கு சார் விசாரிக்கிறார். தள்ளினது உண்மை என்றால் அவன் பெயரை மன்றத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், பெங்களூர் எனக்கு. ஜன்னத்துக்கு அது பொறுக்கவில்லை. "அவன் ரூமுலயும் யார்ட்டயும் பேச மாட்டானாம். அந்த மேசைய விட்டா அவனுக்கு இங்க யாருட்டி இருக்கா?" என்கிறாள். இருக்கலாம். அதற்காக? தனியாக இருக்கிறவன் என்றால் தப்புப் பண்ணலாமா?

என்னக்கா, ஏன் டேப்பைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறீங்க? தகடு நுனியில் இருக்கிறது. அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்.

என்ன? நீண்டிருக்கிறதா?

எது நீண்டிருக்கிறது?

உங்கள் ஸ்கேல் பக்கத்தில் வைத்து வித்தியாசம் வந்தால், ஸ்கேல் குட்டை என்றும் சொல்லலாமில்லையா? மர ஸ்கேல்தானே, வெயிலில் சுருங்கியிருக்கும். மரம் சுருங்காதா? சரி, பாக்கெட்டில் இருக்கிற புது டேப்பைப் பிரியுங்க. பிரியுங்க அக்கா, நானே அதை வாங்கிக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பிடிங்க. இருபத்து நாலில்...

கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க. நீங்கள் இழுக்கிறீங்க.

இழுக்கவில்லையா.

அந்தப் புது டேப் கம்பெனியே தப்பாக அடித்திருந்தால்? இருங்க, இருங்க, என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஏ ஃபோர் தாள். உலகம் பூராவும் ஒரே அளவு. பதினொன்றே முக்காலுக்குத் துளி குறைவு. மேசைக்கு ஆறும் குன்றும் வெட்டுகிறபோது நாங்கள் இந்தத் தாளைத்தான் அளவுக்கு வைப்போம். இதோ என் புகார், முதல் பக்கம். அம்மா டேப்பை வைக்கிறேன். நீங்கள் தொடாதீங்க, நானே வைக்கிறேன்.

பதினொன்றரையைக்கூடத் தொடவில்லை.

இன்னொரு பக்கத்தை வைத்துப் பார்க்கிறேன்.

நாலு பக்கமும் அப்படித்தான் இருக்கிறது. டேப் நீண்டுபோனதால் இருபத்து நாலரையும் இப்படித்தான் குறைந்திருக்கிறது.

நீங்கள் ஜாக்கெட்டைத் தைங்க அக்கா. என்னைப் பார்க்காதீங்க.

அப்போ நான் மெலியவே இல்லை. தேறவும் இல்லை. நான் சரியான அளவைச் சொல்லியிருக்கிறேன், அம்மா இந்த டேப்பை வைத்துத் துணியைப் பெரிதாக வெட்டியிருக்கிறாள். ஒரு வருஷம் முழுக்க. போனுக்குப் போன் அழுதிருக்கிறாள்.

அவன் சொன்னான். டேப் பழசு என்று சொன்னான். கொக்கி ஆடணும் என்றுகூட ஏதோ சொன்னான். அது நிஜமா அக்கா, இரும்பு டேப்பில் கொக்கி ஆடத்தான் வேண்டுமா? உங்கள் வீட்டுக்காரர் ஆசாரியா? ஓ. சரி. அதையும் கேட்டிருக்க வேண்டாம்.

இப்போது என்ன ஆகிவிட்டது? இந்த விஷயம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் தகட்டை அழுத்திக் கொடுத்தால் நான் பாட்டுக்குப் போகிறேன். சார் டேப்பைக் கையில் வாங்கிப் பார்ப்பார், தகடு கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். யாரும் ஏ ஃபோர் தாளை வைத்து அளக்கப் போவதில்லை. அந்த யோசனையே எனக்குத்தான் வரும். நான் பொய் சொல்லப்போவதும் இல்லை. நாலு பக்கத்திலும் ஒரு வரி பொய் கிடையாது. இருபத்து நாலரையில் வைத்தேன், உண்மை. இருபத்து மூன்றே முக்கால் காட்டியது, உண்மை.

ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேங்கிறீங்க? ஏதாவது சொன்னால் நான் பதில் சொல்லலாம். இப்படி மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தால் நான் யாரோடு பேசுவது? அவனும் இப்படித்தான்.

தகட்டை அழுத்திவிட்டீங்களா? அதற்குள்ளா?

மணி நாலே முக்கால். பேனா இருக்கிறதா அக்கா? சாக்பீஸ் வேண்டாம், பேனா. புகாருக்குப் பின்பக்கம் வெள்ளையாகத்தான் கிடக்கிறது. 'மாசானமுத்துவுக்கு.' எழுதிவிட்டேன். அடுத்தது... பொறுங்க, வரும். பதினேழு பாயிண்டை ஒரே மூச்சில் அடித்தவள், எனக்கா வராது? 'நீ அன்றைக்கே கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தால்.' இல்லை, இது வேண்டாம். அடித்துவிடுகிறேன். 'துணி டேப் இழுபடும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் குறிப்பிடப்படாத காரணத்தால்.' இதுவும் வேண்டாம்.

ஜன்னத் கூப்பிடுகிறாள். "ஏ, வாரேன்டி. கேட்டுக்கு எதுத்தாப்புலதான் இருக்கேன். அவன் வந்துட்டானா? டப்பாவ கொண்டாந்திருக்கானா? இல்லையா. சரி. அவன எங்கயும் போவ விடாத. ஒண்ணுமில்ல. சும்மா சொல்லுதேன். ஏட்டி, போவ விடாதன்னா போவ விடாத."

டப்பாவே கொண்டுவரவில்லையாம்.

இந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன். வேண்டாம், கிழிக்கவில்லை. அளந்து காட்டுவதற்கு வேண்டும். அந்தப் புது டேப்பையும் கொடுங்க. பழசைச் சுருட்டாதீங்க அக்கா, அப்படியே நீளமாகக் கொடுங்க. இரண்டையும் அவன் கையில் கொடுக்கிறேன். இத்தனை நாளும் நான்தானே அளந்தேன், இன்றைக்கு அவன் அளக்கட்டும். அளந்துவிட்டு அவன் என்ன சொன்னாலும் நான் வாயைத் திறக்காமல் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு நிமிஷம். அதற்குமேல் போனான் என்றால் நானும் பேசுவேன்.